சாயம் வெளுத்த தகடுகள்

“உடைஞ்ச பொருளைப் பார்த்து அது ஏன் உடைஞ்சதுன்னு சொல்வாங்களாமே, அந்த அம்மா நீங்கதானா?”

கேட்ட பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். வாசற்படியில் ஒரு காலும் நடையில் ஒரு காலுமாக நின்றாள். விரல் நுனிகள் அமிலம் பட்டுப் பட்டு வெளுத்திருந்தன. ஒரு துணிப் பொட்டலத்தைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தாள்.

“நான்தான். உள்ளே வந்து உட்காருங்க. பொட்டலத்தை மேசை மேல வையுங்க, அது எங்கேயும் ஓடிடாது.”

தெருவில் அவருக்கு லென்ஸ்காரம்மா என்று பெயர். முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர். முறிந்த அச்சு, வெடித்த கொதிகலன், அறுந்த லிஃப்ட் கம்பி என்று எது வந்தாலும் லென்ஸை வைத்துப் பார்த்து, குற்றம் இரும்பிலா மனிதனிலா என்று எழுதிக் கொடுப்பார். ஓய்வு பெற்ற பிறகும் உடைந்த பொருள்கள் வருவது நிற்கவில்லை, விலாசம்தான் மாறியது. மகள் காலையிலேயே அலுவலகம் போய்விடுவாள். மோட்டார் பம்பு விற்கும் மாப்பிள்ளைக்கோ நேரம் அவர் கையில். ஆகவே மாமியார் துப்பறிய, மாப்பிள்ளை ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு கூடவே போகும் அதிசயம் அந்த வீட்டில் நடந்துவந்தது. மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு குறை: வழக்கைக் கேட்டு முடிப்பதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவார்.

வந்தவள் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒன்றரைச் சாண் நீளத்தில் இளமஞ்சளாக ஓர் அலுமினியத் தகடு. சாய்த்துப் பிடித்தால் மேற்பரப்பு முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய விரிசல்.

“எங்க அண்ணன் அனோடைசிங் பட்டறை வெச்சிருக்கார். அலுமினியத்தை அமிலத் தொட்டியில மாட்டிக் கரண்ட் விட்டா, மேல் தோல் மட்டும் ஆக்சைடா மாறிடும். பெயின்ட் மாதிரி பூசறது இல்லைங்க. அந்த உலோகத்தோட தோலே கெட்டியாகிடும். எங்ககிட்ட ரெண்டு தொட்டி இருக்கு. ஒண்ணு கந்தக அமிலம். அதைச் சாயக்காரர் பார்த்துக்கறார். நிறமில்லாத தோல் வரும், கண்ணுக்குத் தெரியாத துளையெல்லாம் இருக்கும். அதுல சாயத்தை ஏத்தி, கொதிக்கிற தண்ணியில முக்கித் துளையை அடைச்சிடுவார். இன்னொண்ணு என்னோடது, ஆக்ஸாலிக் அமிலம். சூடு தாங்கணும், கரண்ட் கடத்தக் கூடாதுன்னு கேக்கறவங்களுக்கு அது. நிதானமா விடணும், அவசரப்பட்டா கெட்டுடும். பதினோரு வருஷமா நான்தான் பார்க்கறேன்.”

“உங்க தொட்டியில வர்ற தோல் என்ன நிறம்?”

“அதுவே இளம் பொன்னிறமா வரும்ங்க. கொதிதண்ணியில முக்கற வேலையும் இல்ல.”

மருத்துவப் பரிசோதனைக் கூடங்களில் கண்ணாடி ஸ்லைடுகளைச் சூடாக்கும் மேசைகளுக்காக ஒரு தொழிற்சாலை பன்னிரண்டு தகடுகள் கேட்டிருந்தது. அவள் செய்து முடித்தாள். போன வாரம் திங்கட்கிழமை தகடுகள் போய்ச் சேர்ந்தன. நூற்றைம்பது டிகிரி வரை சூடாக்கியதும் பன்னிரண்டிலும் விரிசல் விட்டது. சோதித்தவர் கையில் சுரீரென்று மின்சாரம் வேறு பட்டது. தகடுகள் திரும்பி வந்தன.

“நீ அவசரத்துல கரண்டை ஏத்தியிருக்கேன்னு அண்ணன் சொல்லிட்டார். பட்டறைக்கு வர வேண்டாம்னுட்டார். வெள்ளிக்கிழமை என் தொட்டியையே கழட்டி எடுத்துட்டுப் போக ஆள் வர்றாங்க. தகடையெல்லாம் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டார். இந்த ஒண்ணை அண்ணிதான் அவருக்குத் தெரியாம எடுத்துக் குடுத்தாங்க. கையில வாங்கின உடனே இது என் வேலை இல்லைன்னு தோணுது. ஆனா ‘தோணுது’ன்னு போய்ச் சொன்னா எடுபடுமா?”

“அண்ணனே மாத்தியிருப்பார்” என்றார் மாப்பிள்ளை. “தங்கச்சியை வெளியே அனுப்ப ஒரு சாக்கு.”

“மாப்பிள்ளை, இன்னும் அவங்களுக்குத் தண்ணி கூடக் கொடுக்கல” என்றார் லென்ஸ்காரம்மா.

மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுவரப் போனார். லென்ஸ்காரம்மா தகட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஓரங்களை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

“தொட்டியில எதைக் கொண்டு மாட்டுவீங்க?”

“கிளிப்புங்க. ரெண்டு பல் இருக்கும்.”

“கிளிப் கடிச்ச இடத்துல தோல் வளராது. அப்போ ரெண்டு சின்னப் புள்ளி இருக்கணும். இங்கே மூலையில வட்டமா ஒரே ஒரு புள்ளிதான் இருக்கு.”

வந்தவள் எழுந்துவந்து லென்ஸ் வழியாகப் பார்த்தாள். “இது திருகாணித் தடம். சாயக்காரர் ரேக்குல அப்படித்தான் மாட்டுவாங்க.”

“இன்னொண்ணும் இருக்கு. தகட்டுக்கு நடுவுல, குறுக்கே நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. அந்த இடம் மட்டும் மாவு தடவின மாதிரி மங்கலா இருக்கு. அது என்னன்னு இப்போதைக்கு எனக்குத் தெரியல. உங்க வேலைன்னு நிச்சயமா சொல்லக்கூடிய ஏதாவது கைவசம் இருக்கா?”

இருந்தது. ஒவ்வொரு தடவையும் தகடுகளோடு ஒரு விரலகலத் துண்டையும் தொட்டியில் தொங்கவிட்டு, தேதி எழுதி எடுத்து வைப்பது அவள் பழக்கம். அந்தச் சாட்சித் துண்டைக் கைப்பையிலிருந்து எடுத்தாள்.

அடுப்பில் இரும்புச் சட்டி ஏறியது. தகட்டின் ஓரத்தில் ஒரு விரலகலம் வெட்டியெடுத்து, அதையும் சாட்சித் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் லென்ஸ்காரம்மா. சட்டியின் சூடு ஏற ஏற, திரும்பி வந்த தகட்டின் மஞ்சள் முதலில் பழுப்பானது, பிறகு திட்டுத் திட்டாக மறைந்தது. கால் மணி நேரத்தில் வெறும் சாம்பல் நிறம்தான் மிச்சம். சாட்சித் துண்டில் பொன்னிறம் இம்மியும் குறையவில்லை. லென்ஸில் பார்த்தபோது அதன் ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று மயிரிழைக் கீறல்கள் தெரிந்தன.

“சாயம்” என்றாள் வந்தவள், மூச்சை விட்டு. “யாரோ சாயம் போட்டிருக்காங்க.”

“கந்தக அமிலத் தொட்டியில செஞ்சு, மஞ்சள் சாயம் ஏத்தி, கொதிதண்ணியில அடைச்சது. விரிசலுக்கும் அதுதான் காரணம். சூடு பட்டா அலுமினியம் நல்லா விரியும். ஆக்சைடுத் தோல் அதுல அஞ்சுல ஒரு பங்குகூட விரியாது. துளை திறந்திருந்தா ஓரளவு ஈடு கொடுக்கும். கொதிதண்ணியில துளையை அடைச்சுட்டா விறைச்சுப் போய், நூறு டிகிரிக்கு முன்னாடியே விரிசல் விட ஆரம்பிச்சிடும். ஆனா இதை நான் சொன்னா போதாது. அமிலமே வாயைத் திறந்து சொல்லணும்.”

அடுத்த தெருவில் செயற்கைப் பல் செய்பவர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஆயிரம் டிகிரி வரை போகும் சிறிய உலை உண்டு. இரண்டு துண்டுகளையும் வளைத்ததும் தோல் செதில் செதிலாக உதிர்ந்தது; அதைத் தனித்தனிப் பீங்கான் கிண்ணங்களில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். முகர்ந்து பார்க்கும் பொறுப்பு மாப்பிள்ளைக்கு.

முதலில் சாட்சித் துண்டின் செதில். உலை தொள்ளாயிரத்தைம்பதைத் தாண்டியும் வாசனை எதுவும் இல்லை. அடுத்து மற்றது. தொள்ளாயிரத்தைம்பதை நெருங்கும்போது மாப்பிள்ளை முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினார்.

“தீக்குச்சி கிழிச்ச மாதிரி வருது அத்தை.”

“கந்தகம். எந்த அமிலத்துல தோல் வளர்ந்ததோ, அதுல கொஞ்சம் தோலுக்குள்ளேயே சிக்கி நிக்கும். சாதாரணச் சூட்டுல அசையாது. இந்தச் சூட்டுலதான் விட்டு வெளியே வரும். ஆக்ஸாலிக்ல வளர்ந்ததும் தன்னோடதை விடும், ஆனா அதுக்கு வாசனை கிடையாது. இனி யாரும் இவங்க கையைக் குறை சொல்ல முடியாது. யார் மாத்தினாங்கன்னுதான் தெரியணும்.”

மறுநாள் காலை ஸ்கூட்டர் பட்டறை வாசலில் போய் நின்றது.

அண்ணன் உயரமான மனிதர். பேசும்போது எதிராளியைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறவர். தங்கையின் பெயரை எடுத்ததும் முகம் இறுகியது. “அப்பா இருந்தப்போ அந்தத் தொட்டியை முதன்முதலா ஓட்டினதே நான்தாங்க. கரண்டை ஏத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? கூடப்பொறந்தவங்கிறதுக்காகக் கண்ணை மூடிக்கவா முடியும்?” என்றாலும் வயதில் மூத்தவரை வாசலிலேயே நிறுத்திவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

உள்ளே டீ வந்தது. கொண்டுவந்தவரை எல்லோரும் ‘பார்சல்’ என்றார்கள். தகடுகளைப் பெட்டியில் அடுக்குவதும், வேனில் கொண்டுபோய்க் கொடுப்பதும், நடுவில் டீ போடுவதும் அவர் வேலை. ஒரு சாண் ஆழமுள்ள பெரிய பாத்திரத்திலிருந்து டம்ளர்களில் ஊற்றினார்.

“அந்தத் தகடை நீங்கதானே பெட்டியில அடுக்கினீங்க? எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார் லென்ஸ்காரம்மா.

“கண்ணுல ஒத்திக்கலாம்ங்க. அக்கா போடற மஞ்சள் சாயம் மாதிரி வேற யாருக்கும் வராது” என்றார் பார்சல், டம்ளரைப் பார்த்தபடி. “சனிக்கிழமை சாயந்திரமே கொண்டுபோனேன். அங்கே ஸ்டோர் சாத்தியிருந்துச்சு. அதான் திங்கக்கிழமை கொடுத்தேன்.”

சாயக்காரருக்கு மூக்கின் மேல் கோபம். ரேக்கைத் தட்டிக் காட்டி, “ஆமா, இது என் திருகாணித் தடம்தான். அதுக்காக நான் செஞ்சேன்னு ஆயிடுமா? சனிக்கிழமை மத்தியானம் என் கொதிதொட்டி ஒழுகிப் போய் வெல்டிங்குக்கு அனுப்பிட்டோம். செவ்வாய்க்கிழமைதான் வந்துச்சு. தொட்டி இல்லாம சாயத்தை எதுல அடைப்பேன், என் தலையிலயா?” என்றார். பட்டறைச் சாவி மூன்று பேரிடம் இருப்பதையும் அவரே சொன்னார்: அண்ணன், தான், பார்சல்.

“சாயக்காரர் ரொம்பக் கத்தறார் அத்தை. மடியில கனம் இருக்கறவன்தான் கத்துவான்” என்று மாப்பிள்ளை காதோரம் சொன்னார்.

“மடியில கனம் இருந்தா வழியில பயம் மாப்பிள்ளை. பயந்தவன் கத்த மாட்டான், அடக்கி வாசிப்பான்.”

லென்ஸ்காரம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டீப் பாத்திரத்தின் அருகில் போனார். விரலை விரித்து அதன் ஆழத்தை அளந்தார். பிறகு பீரோவைத் திறக்கச் சொல்லி, ஒரு தகட்டை வாங்கி அதற்குள் நிறுத்திப் பார்த்தார். தகட்டில் மூன்றில் ஒரு பங்கு வெளியே நின்றது. எடுத்துத் தலைகீழாக நிறுத்தினார். மறுபடியும் மூன்றில் ஒரு பங்கு வெளியே நின்றது.

“உங்க தங்கச்சியையும் வரச் சொல்லுங்க. நாலு பேரும் இருக்கும்போதே சொல்லிடறேன்” என்றார் அண்ணனிடம்.

அரை மணியில் அவள் வந்தாள். அண்ணனும் தங்கையும் மேசையின் எதிரெதிர் ஓரங்களில் நின்றார்கள். சாயக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். பார்சல் கதவருகே நின்றார். லென்ஸ்காரம்மா சட்டியில் வெளுத்த துண்டையும் வெளுக்காத துண்டையும் மேசை மேல் வைத்து, அடுப்பிலும் உலையிலும் கண்டதைச் சொன்னார்.

“ஆக, திரும்பி வந்தது இவங்க செஞ்ச தகடே இல்ல. இதே பட்டறையில, கந்தக அமிலத் தொட்டியில, திருகாணி ரேக்குல மாட்டிச் செஞ்சது. எப்போ செஞ்சாங்க? சனிக்கிழமை சாயந்திரத்துக்கும் திங்கக்கிழமை காலைக்கும் நடுவுல இருந்தது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு இங்கே கொதிதொட்டி கிடையாது. ஆனா சாயத்தை அடைச்சிருக்காங்க. எதுல? தகடு முழுசா முங்காத ஏதோ ஒரு பாத்திரத்துல. முதல்ல ஒரு பக்கம் நிறுத்தி, அப்புறம் திருப்பி நிறுத்தி. நடுவுல நாலு விரல் அகலம் மட்டும் ரெண்டு தடவை கொதிதண்ணியில இருந்திருக்கு. அதான் அங்கே மாவு பூத்த பட்டை. அந்தப் பாத்திரம் இதோ இருக்கு.”

மாப்பிள்ளை தன் கையில் இருந்த காலி டம்ளரைப் பார்த்தார். “இதுல போட்ட டீயையா அத்தை நாம குடிச்சோம்?”

“நல்லாக் கழுவியிருக்காங்க மாப்பிள்ளை, பயப்படாதீங்க.” அவர் தொடர்ந்தார். “இனி யாருன்னு பார்ப்போம். முதலாளிக்கு இந்த வேலை ஆரம்பத்துல இருந்தே தெரியும். சாயக்காரருக்கு வேலையே சாயம். சூடு பட்டா அது வெளுக்கும், அடைச்ச தோல் விரிசல் விடும்னு தெரிஞ்சவங்க ரெண்டு பேரும். சூடாக்கற மேசைக்குப் போற தகட்டுல சாயத்தைப் போட்டு யாரையாவது ஏமாத்தலாம்னு அவங்களுக்குத் தோணவே தோணாது. இதைச் செஞ்சவருக்கு ஒரே ஒரு விஷயம் தெரியல. தங்கச்சியோட தகட்டுல இருக்கறது சாயம் இல்ல, அமிலமே கொடுத்த நிறம்னு தெரியல. மஞ்சளா இருந்தா அது மஞ்சள் சாயம்னு நினைச்சிருக்கார். இன்னைக்குக் காலையில ‘அக்கா போடற மஞ்சள் சாயம்’னு ஒருத்தர் மட்டும்தான் சொன்னார்.”

யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பார்சல் ஏற்கெனவே கதவருகே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பழைய பன்னண்டு தகடும் எங்கே தம்பி?” என்று கேட்டார் லென்ஸ்காரம்மா. அவர் குரலில் அதட்டல் இல்லை.

“வேன்ல… சீட்டுக்கு அடியில, சாக்குல சுத்தி வெச்சிருக்கேன்.” வாசலில் நின்ற வேனைக் கையால் காட்டினார். “சனிக்கிழமை திருப்பத்துல பின்கதவு திறந்துக்கிச்சுங்க. பெட்டி ரோட்டுல விழுந்து, பின்னால வந்த லாரி ஏறிடுச்சு. போன தடவை கண்ணாடி உடைஞ்சப்பவே முதலாளி சொல்லியிருந்தார், இன்னொரு தடவைன்னா வேற இடம் பார்த்துக்கோன்னு. வெட்டின வெறுந்தகடு மிச்சம் இருந்துச்சு. வருஷக்கணக்கா சாயக்காரர் செய்யறதைப் பார்த்துட்டுத்தானே நிக்கறேன், நாமே செஞ்சுடலாம்னு நினைச்சேன். அக்கா மேல பழி விழும்னு நினைக்கல. விழுந்த பிறகு சொல்ல வாய் வரல. அவங்க உழைச்சது, அதான் தூக்கிப் போடவும் மனசு வரல.”

தங்கை பார்சல் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “ஒரு வாரமா வீட்டுல உட்கார்ந்து என் கையையே பார்த்துட்டிருந்தேன். எந்த நிமிஷம் தப்பு பண்ணேன், எந்த நிமிஷம் கரண்டை ஏத்தினேன்னு. பண்ணாத தப்பைத் தேடித் தேடி, பண்ணியிருப்பேனோன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். நீ பார்த்துட்டே இருந்திருக்க.”

பார்சல் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சாயக்காரர் வேனுக்குப் போய்ச் சாக்கைத் தூக்கி வந்தார். எட்டுத் தகடுகள் வளைந்து, தோல் உதிர்ந்து, ஒன்றுக்கும் ஆகாமல் கிடந்தன. அடியில் இருந்த நான்கில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு பல் தடத்தைத் தடவிப் பார்த்தாள். பட்டறை அடுப்பிலேயே நூற்றைம்பது டிகிரிக்கு ஏற்றி, ஆறவிட்டு, மின்சாரம் கசிகிறதா என்று மீட்டர் வைத்தாள். முள் அசையவில்லை. நான்கும் தேறின.

அண்ணன் அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தங்கையைப் பார்த்தார். “என்ன நடந்துச்சுன்னு உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல” என்றார். தொலைபேசியை எடுத்து, தொட்டியைக் கழற்ற வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

“இவரை என்ன பண்றதுன்னு நீயே சொல்லு” என்று பார்சலைக் காட்டினார்.

அதற்குள் சாயக்காரர் பீரோவிலிருந்த போலித் தகடுகளை வரிசையாக ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தார். “பதினொண்ணும் ஒரே நிறம்” என்றார், யாரையும் பார்க்காமல். “முதல் தடவை செஞ்சவன் வேலை இது. எனக்கு இந்தப் பக்குவம் வர ரெண்டு வருஷம் ஆச்சு.”

அவள் அந்த வரிசையைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தாள்.

“வேனை இனிமே வேற ஆள் ஓட்டட்டும். அது இவருக்கு ஒத்து வரல. கெட்டுப்போன எட்டையும் மறுபடி செய்யணும். என் தொட்டிக்குத் தகடு மாட்டற வேலையை இவர் செய்யட்டும், நான் பக்கத்துல நிப்பேன். தப்பு நடந்தா, நடந்த அன்னைக்கே சொல்லணும். அது ஒண்ணுதான் நிபந்தனை.” பிறகு பார்சலிடம் குனிந்தாள். “எந்திரி. எனக்கு உன்மேல கோபம் போகலை, போக நாளாகும். ஆனா அதுக்காக நீ தரையில உட்கார வேண்டாம்.”

திரும்பும் வழியில் மாப்பிள்ளை ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினார். “மூணு பேர்ல ரெண்டு பேரைப் பிடிச்சேன் அத்தை. மூணாவதா அவரையும் சொல்லியிருந்தா சரியா வந்திருக்கும்” என்றார்.

“அதுதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது மாப்பிள்ளை. யாரையும் விட்டுவைக்க மாட்டீங்க.”

வெள்ளிக்கிழமை அண்ணனும் தங்கையும் நான்கு தகடுகளோடு அந்தத் தொழிற்சாலைக்குப் போனார்கள். நடந்ததற்குச் சாட்சி சொல்ல லென்ஸ்காரம்மாவும் போனார். அவர் போனதால் மாப்பிள்ளையும் போனார். அங்கிருந்த பொறியாளர் எல்லாவற்றையும் கேட்டார், தகடுகளைத் தன் மேசையில் சூடாக்கினார், ஆறவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்ற எட்டுக்கும் மூன்று வாரம் அவகாசம் கொடுத்தார். பிறகு புதிதாக ஒரு வரைபடத்தை விரித்து, அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

“இன்னும் கூடுதல் சூட்டுல ஒரு மேசை செய்யலாம்னு இருக்கோம். முன்னூறு டிகிரி வரை போகணும். உங்க தோல் தாங்குமா?”

அண்ணன் வரைபடத்தின் மேல் கையை வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நிறுத்தினார். வரைபடத்தைத் தங்கையின் பக்கம் தள்ளினார்.

“செய்யறது இவங்கதாங்க. இவங்களையே கேளுங்க.”

அவள் அண்ணனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, பொறியாளரிடம் பென்சிலை வாங்கிப் பேசத் தொடங்கினாள்.